பிலிப் டி ராத்சைல்டு

பரோன் பிலிப் டி ராத்சைல்டு (ஏப்ரல் 13, 1902 – சனவரி 20, 1988) பிரான்சு நாட்டின் போர்தோ பகுதியைச் சேர்ந்த புகழ்பெற்ற ஒயின் உற்பத்தியாளர் ஆவார். தானுந்துப் பந்தய வீரர், நாடக அரங்கம் நடத்தியவர், திரைப்படத் தயாரிப்பாளர், கவிஞர், மொழிபெயர்ப்பாளர் எனப் பல துறைகளிலும் ஈடுபட்டவர். தமது 20ஆம் அகவையில் சாட்டோ மூட்டோன் ராத்சைல்டு என்னும் திராட்சைப் பண்ணையின் பொறுப்பை ஏற்ற இவர், இறக்கும் வரை 65 ஆண்டுகள் அதனை நடத்தினார். ஒயினைப் பண்ணையிலேயே புட்டியில் அடைக்கும் வழக்கம் போர்தோவின் பெரும்பண்ணைகளில் நிலைபெற இவர் முதன்மைக் காரணமாக இருந்தார். ஆண்டுதோறும் ஓர் ஓவியரின் படைப்பை லேபிளில் இடும் மரபைத் தொடங்கினார்.

1855ஆம் ஆண்டின் தரவரிசையில் இரண்டாம் தரத்தில் வைக்கப்பட்ட தமது பண்ணையை முதல் தரத்துக்கு உயர்த்துவதே இவரது வாழ்நாள் முயற்சியாக இருந்தது. அதே வேளையில், இரண்டாம் லேபிள் ஒயினாகப் பிறந்த மூட்டோன் கடே என்ற ஒயினே இவரது பெயரைச் சாதாரண மக்களின் மேசைவரை கொண்டு சென்றது.

குடும்பப் பின்னணி

ராத்சைல்டு குடும்பத்தினர் செருமனியின் பிராங்க்பர்ட் நகரிலிருந்து ஐரோப்பாவின் பல தலைநகரங்களுக்கும் பரவிய யூத வங்கியாளர்கள் ஆவர். அக்குடும்பத்தின் இங்கிலாந்துக் கிளையில் பிறந்து பாரிசில் குடியேறிய நத்தானியேல் டி ராத்சைல்டு, போர்தோ நகருக்கு வடக்கே போயாக் என்னும் ஊரில் இருந்த பிரான்-மூட்டோன் பண்ணையை 1853இல் விலைக்கு வாங்கி, அதற்குத் தம் குடும்பப் பெயரைச் சேர்த்து மூட்டோன் ராத்சைல்டு எனப் பெயரிட்டார். பிலிப் இவருடைய கொள்ளுப்பேரன் ஆவார். 1868இல் பிரான்சுக் கிளையைச் சேர்ந்த சேம்சு டி ராத்சைல்டு, பக்கத்துப் பண்ணையான சாட்டோ லாஃபிட்டை வாங்கினார். இவ்வாறு ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் அடுத்தடுத்த பண்ணைகளுக்கு உரிமையாளர்கள் ஆயின. இவ்விரு கிளைகளுக்கும் இடையே இருந்த போட்டி பிலிப்பின் வாழ்க்கையில் தொடர்ந்து இடம்பெற்றது.

பிலிப்பின் தந்தை ஆன்றி டி ராத்சைல்டு மருத்துவராகவும் நாடக ஆசிரியராகவும் விளங்கியவர். ஆந்திரே பாசுக்கல் என்ற புனைபெயரில் நாடகங்கள் எழுதினார். திராட்சைப் பண்ணையில் அவருக்கு ஆர்வம் குறைவு.

1855ஆம் ஆண்டின் தரவரிசை

பிலிப்பின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இத்தரவரிசையை அறிதல் தேவை. 1855இல் பாரிசில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்காக, பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் விருப்பப்படி போர்தோவின் ஒயின்கள் தரம் பிரிக்கப்பட்டன. போர்தோவின் ஒயின் தரகர்கள், சந்தையில் ஒவ்வொரு பண்ணையின் ஒயினும் நெடுங்காலமாகப் பெற்றுவந்த விலையை அடிப்படையாகக் கொண்டு இப்பட்டியலை அமைத்தனர். செவ்வொயின் தரும் சுமார் 60 பண்ணைகள் ஐந்து தரங்களாகப் பிரிக்கப்பட்டன. லாஃபிட், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கு மட்டுமே முதல் தரத்தில் இடம் பெற்றன. மூட்டோன் இரண்டாம் தரத்தின் முதல் இடத்தில் வைக்கப்பட்டது.

ஒரு காட்சிக்காக அமைக்கப்பட்ட இப்பட்டியல் பின்னர் திருத்தப்படாமல் நிலைத்துவிட்டது. ஒயினின் விலை, புகழ், வணிகரின் மதிப்பு ஆகிய யாவும் இதனைச் சார்ந்தே அமைந்தன. மூட்டோனின் ஒயின் முதல் தரப் பண்ணைகளின் விலையை எட்டிய ஆண்டுகளிலும் அதன் தகுதி இரண்டாம் தரமாகவே எழுதப்பட்டது.

இளமை

பிலிப் 1902இல் பாரிசில் மூன்று பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தார். முதல் உலகப் போரின்போது பாரிசின் மீது குண்டுகள் விழுந்ததால் பாதுகாப்புக்காகப் போயாக்கிற்கு அனுப்பப்பட்டார். அங்குத் திராட்சைத் தோட்டத்திலும் ஒயின் கிடங்குகளிலும் பழகிய அவருக்கு அவ்விடத்தின்மீது பற்று ஏற்பட்டது. குடும்பத்தினர் பண்ணையைப் பெரிதாகக் கருதாமல், மேலாளர்களின் பொறுப்பில் விட்டிருந்த காலம் அது. 1922இல் பண்ணையின் பொறுப்பைத் தந்தை இவரிடம் ஒப்படைத்தார்.

பண்ணையிலேயே புட்டியில் அடைத்தல்

அக்காலத்தில் போர்தோவின் பண்ணைகள் ஒயினை உருவாக்குவதோடு தம் வேலையை முடித்துக்கொண்டன. புதிய ஒயின் பீப்பாய்களில் போர்தோ நகர வணிகர்களுக்கு விற்கப்பட்டது. அதனை முதிரவைப்பதும் புட்டியில் அடைப்பதும் லேபிள் ஒட்டுவதும் வணிகர்களின் பணி. இடையில் வேறு ஒயின் கலக்கப்பட்டால் அதனை அறியப் பண்ணைக்கோ குடிப்பவருக்கோ வழியில்லை. புட்டியின்மேல் பண்ணையின் பெயர் இருந்தாலும் அப்பெயருக்குப் பண்ணை பொறுப்பேற்க இயலாத நிலை இருந்தது.

பிலிப் 1924ஆம் ஆண்டின் விளைச்சல் முழுவதையும் பண்ணையிலேயே புட்டியில் அடைக்க முடிவு செய்தார். முதல் தரப் பண்ணைகளின் உரிமையாளர்களையும் இதற்கு இணங்கச் செய்தார். இம்மாற்றத்தால் ஒயினைப் பல ஆண்டுகள் பண்ணையிலேயே வைத்திருக்க வேண்டிய தேவை உண்டானது. எனவே கட்டடக் கலைஞர் சார்லசு சிக்லி என்பவரைக் கொண்டு சுமார் 100 மீட்டர் நீளமுள்ள பெரிய கிடங்கு ஒன்றை 1926இல் கட்டினார். அது இன்றும் மூட்டோனின் அடையாளங்களுள் ஒன்றாக உள்ளது. புதிய ஏற்பாட்டைக் குறிக்கும் வகையில் 1924ஆம் ஆண்டின் லேபிளை விளம்பர ஓவியர் சான் கார்லு வரைந்தார்.

பண்ணையின் பெயருக்குப் பண்ணையே பொறுப்பு என்ற நிலை ஏற்பட்டவுடன், எந்த ஒயினுக்கு அப்பெயரைத் தருவது, எதற்குத் தராமல் விடுவது என்ற கேள்வியும் எழுந்தது. இரண்டாம் லேபிள் ஒயின்களின் வளர்ச்சிக்கு இதுவே அடிப்படை ஆகும்.

இரண்டாம் லேபிள் ஒயின்

போர்தோ ஒயின் பெரும்பாலும் பல வகைத் திராட்சைகளின் கலவை ஆகும். கபர்னே சோவிஞோன், மெர்லோ, கபர்னே பிரான் ஆகியவை முதன்மையான செவ்வகைகள். பண்ணையின் ஒவ்வொரு பாத்தியிலும் விளைந்த பழங்கள் தனித்தனியாக நொதிக்க வைக்கப்படுகின்றன. அறுவடைக்குப் பின் வரும் மாதங்களில் அவ்வொயின்களைச் சுவைத்துப் பார்த்து, எவற்றைச் சேர்த்துப் பண்ணையின் முதன்மை ஒயினை உருவாக்குவது என முடிவு செய்வர். அதில் சேராதவற்றை வேறு பெயரில் பண்ணையே வெளியிடுமானால் அது இரண்டாம் ஒயின் அல்லது இரண்டாம் லேபிள் ஒயின் எனப்படும். வயது முதிராத கொடிகளின் பழங்களும் பெரும்பாலும் இதில் சேர்கின்றன.

தேங்காயை முதலில் பிழிந்தெடுப்பதை முதற்பால் என்றும், சக்கையில் நீர் விட்டு மீண்டும் பிழிவதை இரண்டாம் பால் என்றும் தமிழர் சமையலில் கூறுவர். இரண்டாம் ஒயின் அத்தகையது அன்று. அதே மண்ணில் விளைந்து, அதே தொழிலாளர்களால் பறிக்கப்பட்டு, அதே கிடங்கில் உருவாக்கப்படும் ஒயினே அது. தேர்வில் முதன்மைக் கலவைக்குள் சேராமல் போனது என்பதே வேறுபாடு.

இவ்வொயின்களை மக்கள் விரும்புவதற்குக் காரணங்கள் பல உள்ளன:

* புகழ்பெற்ற பண்ணையின் ஒயினை அதன் முதன்மை ஒயினை விடச் சில மடங்கு குறைந்த விலையில் பெறலாம்.
* முதன்மை ஒயின் முதிரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். இரண்டாம் ஒயினைச் சில ஆண்டுகளிலேயே பருகலாம்.
* பண்ணையின் நடைமுறையையும் மண்ணின் இயல்பையும் அறிய இது ஒரு தொடக்கமாக அமைகிறது.

பண்ணைக்கும் இதனால் நன்மை உண்டு. தரம் குறைந்த பகுதியை வேறு பெயரில் விற்க வழி இருப்பதால் முதன்மை ஒயினுக்கான தேர்வைக் கடுமையாக்க முடிகிறது. இத்தகைய ஒயின்கள் பிலிப்பின் காலத்துக்கு முன்பே இருந்தன. சாட்டோ மார்கோவின் இரண்டாம் ஒயின் 1908 முதல் பவியோன் ரூச் என்ற பெயரைக் கொண்டுள்ளது. எனினும் அவை சிறிய அளவிலேயே விற்கப்பட்டன.

மூட்டோன் கடே

1930ஆம் ஆண்டில் போர்தோவில் வானிலை மிக மோசமாக இருந்தது. அடுத்து வந்த இரண்டு ஆண்டுகளும் சிறக்கவில்லை. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியால் ஒயின் விலையும் சரிந்திருந்தது. 1930ஆம் ஆண்டின் விளைச்சல் மூட்டோன் ராத்சைல்டு என்ற பெயருக்கு ஏற்றதன்று என பிலிப் கருதினார். அதனை அப்பெயரில் விற்றால் பண்ணையின் மதிப்புக் குறையும். விற்காமல் விட்டால் பண்ணைக்கு வருவாய் இல்லை. எனவே அவ்வொயினுக்கு மூட்டோன் கடே எனப் பெயரிட்டுக் குறைந்த விலையில் வெளியிட்டார். பிரெஞ்சு மொழியில் கடே என்பது இளையவன் எனப் பொருள்படும். தம் குடும்பத்தில் பிலிப்பும் இளைய மகனே.

இவ்வொயின் எதிர்பார்த்ததைவிட நன்கு விற்பனையானது. 1933இல் பிலிப் அண்டைப் பண்ணையான மூட்டோன் தார்மையாக்கை வாங்கினார். ஒயின் வணிக நிறுவனம் ஒன்றையும் நடத்தத் தொடங்கினார். நல்ல விளைச்சல் வந்த ஆண்டுகளில் மூட்டோனின் ஒயின் முதன்மைப் பெயருக்கே தேவைப்பட்டது. ஆனால் மூட்டோன் கடேயை வாங்க மக்கள் காத்திருந்தனர். ஆகவே அதற்கான திராட்சையும் ஒயினும் பிற பண்ணைகளிடமிருந்து வாங்கப்பட்டன. முதலில் அருகிலுள்ள ஊர்களிலிருந்தும் பின்னர் போர்தோ பகுதி முழுவதிலிருந்தும் அவை சேகரிக்கப்பட்டன. இவ்வாறு இரண்டாம் லேபிளாகத் தோன்றிய ஒயின், காலப்போக்கில் போர்தோ என்ற பொதுப் பகுதிப் பெயரைத் தாங்கும் வணிகப் பெயராக மாறியது. பிற்காலத்தில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட புட்டிகள் விற்பனையாகி, போர்தோவின் மிகப் பரவலாக அறியப்பட்ட ஒயின்களுள் ஒன்றானது.

மூட்டோன் கடே குறித்து இரு வேறு கருத்துகள் உள்ளன. மூட்டோன் பண்ணையில் விளையாத ஒயினுக்கு அப்பண்ணையின் பெயரைத் தருவது வாங்குவோரை மயங்க வைக்கும் என்பது ஒரு கருத்து. சிறு விவசாயிகளின் திராட்சைக்கு நிலையான சந்தையையும், எளிய மக்களுக்கு நம்பத்தக்க ஒயினையும் அது தந்தது என்பது மற்றொரு கருத்து. பண்ணையின் பெயரைக் கலப்படத்திலிருந்து காக்கப் புட்டியில் அடைக்கும் முறையைக் கொண்டுவந்தவரே, அப்பெயரைப் பண்ணைக்கு வெளியே விளைந்த ஒயினுக்கும் வழங்கினார் என்பது இவரது வாழ்வின் முரண்களுள் ஒன்றாகும். எனினும் முதன்மை ஒயினின் லேபிளை அவர் ஒருபோதும் இதனோடு கலக்கவில்லை. மூட்டோன் கடே ஈட்டிய வருவாயும் புகழும் குடும்ப நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பெரிதும் உதவின.

பிற ஈடுபாடுகள்

பிலிப் இளமையில் தானுந்துப் பந்தயங்களில் கலந்துகொண்டார். குடும்பப் பெயரை மறைத்து சார்ச் பிலிப் என்ற பெயரில் ஓட்டிய இவர், 1929இல் நடந்த முதல் மொனாக்கோ கிராண்ட் பிரீ பந்தயத்தில் புகாட்டி வண்டியில் நான்காவதாக வந்தார். அதே ஆண்டில் தந்தையுடன் இணைந்து உருவாக்கிய பிகால் நாடக அரங்கம் பாரிசில் திறக்கப்பட்டது. 1934இல் வெளிவந்த லாக் ஓ தாம் என்ற திரைப்படத்தைத் தயாரித்தார். இதனை இயக்கியவர் மார்க் அலெக்ரே. எலிசபெத் காலத்து ஆங்கிலக் கவிதைகளையும், கிறித்தோபர் பிரையின் நாடகங்களையும் பிரெஞ்சு மொழியில் பெயர்த்தார்.

போர்க்காலம்

1940இல் செருமனி பிரான்சைக் கைப்பற்றியது. யூதக் குடும்பத்தினர் என்பதால் ராத்சைல்டுகளின் சொத்துகள் பறிக்கப்பட்டன. மூட்டோன் பண்ணையும் விசி அரசின் கட்டுப்பாட்டுக்குள் சென்றது. பிலிப் வட ஆப்பிரிக்காவில் விசி அதிகாரிகளால் கைது செய்யப்பட்டுச் சிறையில் இருந்தார். விடுதலையான பின் இங்கிலாந்தை அடைந்து, சார்லசு டி கோலின் சுதந்திர பிரான்சுப் படையில் சேர்ந்து பணியாற்றினார். இதற்காக இவருக்குப் போர்ச் சிலுவை விருது வழங்கப்பட்டது.

1934இல் இவர் எலிசபெத் பெலெத்தியே டி சாம்பூர் என்பவரை மணந்திருந்தார். இவர்களின் மகள் பிலிப்பீன் 1933இல் பிறந்தவர். 1938இல் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். போரின்போது பிரான்சில் தங்கிவிட்ட எலிசபெத், செருமானிய கெசுட்டாப்போ காவல்துறையால் கைது செய்யப்பட்டு, ராவன்சுபுரூக் வதை முகாமில் 1945இல் உயிரிழந்தார். அவர் பிறப்பால் கத்தோலிக்கர். போர் முடிந்து திரும்பிய பிலிப்பிற்குப் பண்ணை மீண்டும் கிடைத்தது. மகளுடன் அங்குப் புதிதாக வாழ்க்கையைத் தொடங்கினார்.

ஓவியர்களின் லேபிள்கள்

நேச நாடுகளின் வெற்றியைக் குறிக்க, 1945ஆம் ஆண்டின் லேபிளில் வெற்றியைக் குறிக்கும் ஆங்கில எழுத்தான வி இடம்பெற்றது. இதனை இளம் ஓவியர் பிலிப் சூலியன் வரைந்தார். அதுமுதல் ஒவ்வோர் ஆண்டும் லேபிளின் மேற்பகுதிக்கு ஓர் ஓவியரின் படைப்பைப் பெறுவது வழக்கமாயிற்று. ஓவியருக்குப் பணம் தரப்படுவதில்லை. ஒயின் புட்டிகளே ஊதியமாக வழங்கப்படுகின்றன. இவ்வாறு இடம்பெற்றவர்களுள் சிலர்:

* 1947 – சான் கொக்தோ
* 1955 – சார்ச் பிராக்
* 1958 – சால்வதோர் தாலி
* 1964 – என்றி மூர்
* 1969 – யோவான் மீரோ
* 1970 – மார்க் சாகல்
* 1973 – பாப்லோ பிக்காசோ
* 1975 – ஆண்டி வார்கால்

1954இல் பிலிப், அமெரிக்க ஆடை வடிவமைப்பாளரான பாலின் பேர்பேக்சு பாட்டரை மணந்தார். இருவரும் ஒயின் தொடர்பான பழங்காலக் கலைப்பொருட்களைத் திரட்டி, 1962இல் பண்ணையில் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தனர். பாலின் 1976இல் காலமானார்.

முதல் தரத்துக்கு உயர்வு

போருக்குப் பின்னர், 1855ஆம் ஆண்டின் பட்டியலைத் திருத்தக் கோரி பிலிப் தொடர்ந்து முயன்றார். முதல் தரப் பண்ணைகளின் உரிமையாளர்களும், தம் இடம் பறிபோகலாம் என அஞ்சிய பிற பண்ணையினரும் பட்டியலில் கைவைப்பதை விரும்பவில்லை. லாஃபிட் பண்ணையை நடத்திய உறவினர்களுடனான போட்டியும் இதில் சேர்ந்துகொண்டது. இறுதியில் 1973இல், அப்போதைய வேளாண்மை அமைச்சரும் பின்னாளில் பிரான்சின் குடியரசுத் தலைவருமான சாக் சிராக் கையொப்பமிட்ட ஆணையின்படி மூட்டோன் ராத்சைல்டு முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டது. அப்பட்டியலில் ஒரு பண்ணை மேல் தரத்துக்கு உயர்த்தப்பட்டது இந்த ஒரு முறை மட்டுமே. அதே ஆண்டில் மறைந்த பிக்காசோவின் ஓவியம் அவ்வாண்டின் லேபிளில் இடம்பெற்றது. இரண்டாம் தரத்தில் இருந்தபோது பண்ணை கொண்டிருந்த குறிக்கோள் வாசகமும் புதிய தகுதிக்கேற்ப மாற்றப்பட்டது.

கலிபோர்னியாவில்

1976இல் பாரிசில் ஒரு சுவைப் போட்டி நடைபெற்றது. பிரெஞ்சு நடுவர்கள் பெயர் மறைக்கப்பட்ட புட்டிகளிலிருந்து போர்தோ ஒயின்களையும் கலிபோர்னிய ஒயின்களையும் சுவைத்து மதிப்பெண் இட்டனர். செவ்வொயின் பிரிவில் கலிபோர்னியாவின் சுடாக்சு லீப் பண்ணையின் 1973ஆம் ஆண்டு ஒயின் முதலிடம் பெற்றது. மூட்டோன் ராத்சைல்டின் 1970ஆம் ஆண்டு ஒயின் இரண்டாம் இடத்தைப் பெற்றது. முதல் தரத் தகுதி கிடைத்து மூன்றே ஆண்டுகளில் இது நடந்தது.

இதற்கு முன்பே பிலிப் கலிபோர்னியாவின் மீது கவனம் செலுத்தியிருந்தார். அங்குள்ள ஒயின் உற்பத்தியாளர் இராபர்ட் மொண்டாவியை 1970இல் அவாயில் சந்தித்துக் கூட்டு முயற்சி குறித்துப் பேசினார். அதன் விளைவாக நாபா பள்ளத்தாக்கில் ஓபசு ஒன் என்ற ஒயின் உருவானது. அதன் முதல் விளைச்சல் 1979ஆம் ஆண்டினது. லேபிளில் இருவரின் முகத் தோற்றங்களும் இடம்பெற்றுள்ளன. பிற்காலத்தில் இதற்கும் ஓவர்ச்சர் என்ற இரண்டாம் ஒயின் உருவாக்கப்பட்டது.

மறைவு

பிலிப் டி ராத்சைல்டு 1988 சனவரி 20 அன்று தமது 85ஆம் அகவையில் பாரிசில் காலமானார். நாடக நடிகையாக இருந்த மகள் பிலிப்பீன் பண்ணையின் பொறுப்பை ஏற்றார். 2014இல் அவர் மறைந்த பின் அவருடைய மூன்று பிள்ளைகளிடம் அப்பொறுப்பு வந்தது.

இரண்டாம் ஒயின்களின் பிற்கால வளர்ச்சி

மூட்டோன் கடே பண்ணையை விட்டு வெளியே வளர்ந்துவிட்டதால், மூட்டோனுக்கு அதன் சொந்த மண்ணில் விளையும் இரண்டாம் ஒயின் நெடுங்காலம் இல்லாமல் இருந்தது. இக்குறையைப் பிலிப்பீன் நீக்கினார். 1993ஆம் ஆண்டின் விளைச்சலிலிருந்து ஓர் இரண்டாம் ஒயின் உருவாக்கப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் பெத்தி மூட்டோன் எனப் பெயர் பெற்றது. சிறிய மூட்டோன் என்பது இதன் பொருள்.

பிற முதல் தரப் பண்ணைகளும் இவ்வழியில் சென்றன. லத்தூர் பண்ணையின் லே போர் டி லத்தூர் 1966ஆம் ஆண்டு விளைச்சலுடன் தொடங்கியது. லாஃபிட் பண்ணை கரியூவாத் என்ற பெயரை மீண்டும் பயன்படுத்தியது. ஓ-பிரியோனின் இரண்டாம் ஒயின் 2007ஆம் ஆண்டு விளைச்சல் முதல் லெ கிளாரன்சு எனப்படுகிறது. லத்தூர் மூன்றாம் ஒயின் ஒன்றையும் வெளியிடுகிறது.

குறைந்த விலையே இவ்வொயின்களின் முதன்மை ஈர்ப்பாக இருந்தது. ஆனால் 2008இல் ஆங்காங்கு ஒயின் மீதான வரியை நீக்கிய பின் சீனாவில் போர்தோ ஒயின்களுக்குப் பெரும் தேவை ஏற்பட்டது. லாஃபிட் என்ற பெயர் இருந்ததாலேயே கரியூவாத் ஒயினின் விலை மிக உயர்ந்து, பல இரண்டாம் தரப் பண்ணைகளின் முதன்மை ஒயின்களையும் விஞ்சியது. 2011க்குப் பின் அவ்விலை சரிந்தது. வாங்குவோர் ஒயினுக்கு விலை தருகின்றனரா, பெயருக்கு விலை தருகின்றனரா என்ற கேள்வி அப்போது பரவலாக எழுந்தது. 1930இல் பிலிப்பின் முன் இருந்த கேள்வியும் ஏறக்குறைய இதுவே. பண்ணையின் பெயரைத் தாங்கத் தகுதியற்றது எனக் கருதிய ஒயினுக்கு அவர் வேறு பெயரையும் குறைந்த விலையையும் தந்தார். இன்று இரண்டாம் ஒயின்களை மதிப்பிடுவோரும் இவ்விரண்டையுமே முதலில் நோக்குகின்றனர்.